கூரையைக் கழற்றினால் என்ன குறையும்? – திறந்த மகிழுந்தின் நூற்றாண்டுக் கதை



இலக்கணப் பயிற்சியும் கட்டுரைக் குறிப்பும் எதிர்பார்த்து இப்பக்கத்திற்கு வருவோர் இன்றைய தலைப்பைக் கண்டு வியக்கக்கூடும். ஓட்டுநர் உரிமம் பெற்ற நாள் முதல் நான்கு கதவுகள் கொண்ட சாதாரண மகிழுந்தையே ஓட்டி வருபவன் நான். கூரையில்லா விளையாட்டு மகிழுந்துக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், சென்ற தீபாவளியன்று என் இல்லத்திற்கு வந்த பழைய மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி, என்னைச் சில வாரங்கள் நூல்களுக்குள் இழுத்துச் சென்றுவிட்டது.

அவன் வந்திறங்கியது 1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியில். இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய, திறந்த மகிழுந்து. பழையதாக வாங்கிச் சொந்த உழைப்பில் அழகுபடுத்தியிருந்தான். என்னையும் ஏற்றிக்கொண்டு குடியிருப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். தெருமுனை வேகத்தடை மேட்டில் ஏறி இறங்கியபோது முன்கண்ணாடிச் சட்டம், உள்கண்ணாடி, முன்பலகை எல்லாம் ஒரு கணம் நடுங்கி நின்றன.

“ஐயா, கவனித்தீர்களா? பட்டறையில் கேட்டேன். கீழே ஒன்று, மேலே ஒன்று, கதவுப் பக்கம் இரண்டு என்று ‘பார்’ போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?” என்றான்.

“என்னிடம் ஏனப்பா கேட்கிறாய்?” என்றேன்.

“ஐஸ்கிரீம் குச்சியில் முக்கோணம் செய்து காட்டியது நீங்கள்தானே ஐயா!” என்றான்.

ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய பொறி வேறில்லை. பதில் தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்தது வெறும் பதிலன்று, நூறாண்டு வரலாறு. அதையே இங்குப் பகிர்கின்றேன்.

காலணிப் பெட்டியில் தொடங்குவோம்

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சிறு சோதனை. வீட்டில் காலணிப் பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். பெட்டி எளிதாக முறுங்கும். இப்பொழுது மூடியைப் பொருத்தி, நான்கு ஓரங்களிலும் ஒட்டுநாடாவால் ஒட்டி மறுபடியும் முறுக்குங்கள். அதே அட்டைதான், ஆனால் பெட்டி அசைய மறுக்கும்.

மூடியின் எடை அற்பமானது. அது தந்த உறுதியோ பெரிது. காரணம், மூடி பெட்டியின் ஆறாவது பக்கத்தை அடைத்துவிடுகிறது. எல்லாப் பக்கமும் மூடிய வடிவத்தில் முறுக்குவிசை ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குச் சுற்றிச் சுற்றிப் பாய முடியும். ஒரு பக்கம் திறந்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். பொறியியல் நூல்கள் இதைக் கணக்கிட்டே காட்டுகின்றன. சுவரின் தடிப்பைப்போல் 20 மடங்கு ஆரமுள்ள மெல்லிய குழாய் ஒன்றை நீளவாக்கில் ஒரு கோடு பிளந்துவிட்டால், முறுக்கலை எதிர்க்கும் அதன் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். எடை சற்றும் குறையாது. உறுதி மட்டும் போய்விடும்.

மூடிய மகிழுந்து, மூடியுள்ள காலணிப் பெட்டி. திறந்த மகிழுந்து, மூடியில்லாத பெட்டி. வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமே கூரை என்று நாம் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது வண்டியின் எலும்புகளுள் ஒன்று.

பாலத்திலிருந்து வானூர்திக்கு

மூடி இல்லாத பெட்டியை எப்படி விறைப்பாக்குவது? மகிழுந்து பிறப்பதற்கு முன்பே பாலம் கட்டியவர்கள் இதற்கு விடை கண்டிருந்தனர். நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்தால் அது சாய்ந்து சாய்சதுரமாகும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தால் இரண்டு முக்கோணங்கள் பிறக்கும், அதன்பின் அசையாது. முக்கோணத்தின் பக்கங்கள் நீளவோ குறுகவோ செய்தாலன்றி அதன் வடிவம் மாறாது. 1844ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராட் என்னும் தந்தையும் மகனும் இத்தகைய குறுக்குச் சட்டங்கள் கொண்ட பால அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றனர்.

பாலப் பொறியாளராகிய ஆக்டேவ் சனூட் 1896இல் இரட்டை இறக்கை மிதவை வானூர்தியைச் செய்தபோது அதே பிராட் அமைப்பை இறக்கைகளுக்கிடையே கொண்டுவந்தார். மரத்தூண்களும் குறுக்குக் கம்பிகளும் இரண்டு மெல்லிய இறக்கைகளை ஒரே உறுதியான பெட்டியாக்கின. 1903இல் பறந்த ரைட் சகோதரர்களும் இவ்வழியையே பின்பற்றினர். ஆனால் ஒரு மாற்றம் செய்தனர். இறக்கையை முறுக்கியே வானூர்தியைச் சாய்த்துத் திருப்ப அவர்கள் விரும்பியதால், முன்னிருந்து பின்னாகச் செல்லும் குறுக்குக் கம்பிகளை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டனர். குறுக்குக் கம்பி எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்பதை அறிந்ததே அவர்கள் திறமை. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

ஏணிமேல் அமர்ந்த மகிழுந்து

தொடக்ககால மகிழுந்துகள் பெரும்பாலும் திறந்தவையே. அன்று கூரை இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஏனெனில் வண்டியின் சுமை முழுவதையும் அடியில் இருந்த ஏணி போன்ற எஃகுச் சட்டம் தாங்கியது. இரண்டு நீண்ட உத்தரங்கள், இடையிடையே குறுக்குப் படிகள். உடற்பகுதி அதன்மேல் மேசைபோல் வைக்கப்பட்ட ஒன்று.

ஏணி மேலும் கீழும் வளைவதை ஓரளவு எதிர்க்கும், முறுக்கலை எதிர்க்காது. அக்காலச் சாலைகளில் அது நன்மையாகவும் இருந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி மண்சாலைப் பள்ளங்களில் தன் சட்டத்தையே வளைத்துக்கொடுத்து நான்கு சக்கரங்களையும் தரையில் பதித்தது. பிரிட்டனின் பழைய விளையாட்டு மகிழுந்துகளில் விற்பட்டைகள் விறைப்பாகவும் சட்டம் நெகிழ்வாகவும் இருந்தன. சட்டமே ஐந்தாவது விற்பட்டையாக வேலை செய்தது எனலாம்.

சிக்கல் எங்கே எழுந்தது? வேகம் கூடியபோது. வளைவில் திரும்பும் வண்டியின் எடை ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வை முன் சக்கரங்கள் எவ்வளவு தாங்க வேண்டும், பின் சக்கரங்கள் எவ்வளவு தாங்க வேண்டும் என்று பொறியாளர் விற்சுருள்களின் வழியே பங்கிட்டுத் தருகிறார். நடுவிலுள்ள உடல் நெகிழ்ந்து முறுங்கினால் அந்தப் பங்கீடு குலைந்துவிடும். முன்பக்கம் ஒன்று சொல்லப் பின்பக்கம் மற்றொன்று செய்யும். நல்ல விற்சுருளும் அதிர்வுதாங்கியும் பயன்தர வேண்டுமானால் அவை பற்றியிருக்கும் உடல் அசையாதிருக்க வேண்டும்.

1922: சாலையில் ஒரு கப்பல்

இத்தாலியின் தூரின் நகரில் மகிழுந்து செய்துவந்த வின்சென்சோ லான்சியா, சட்டத்தையும் உடலையும் ஏன் இரண்டாகச் செய்ய வேண்டும் என்று சிந்தித்தார். கப்பலுக்குத் தனிச் சட்டம் ஏது? அதன் உடலே அதன் வலிமை. இந்த எண்ணத்தில் உருவான லான்சியா லாம்டா 1922இல் பாரிஸ் கண்காட்சியில் மக்கள்முன் வைக்கப்பட்டது. தகடுகளாலான உடலே சுமைதாங்கும் சட்டமாகவும் அமைந்த முதல் உற்பத்தி மகிழுந்து என வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கின்றன. 1931 வரை இது தயாரிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, லாம்டா ஒரு திறந்த மகிழுந்து என்பதே! கூரையின் உதவியின்றியே அது விறைப்பாக நின்றது. எப்படி? பக்கச் சுவர்கள் உயரமாக இருந்தன. கதவுகள் சிறியவை, அவற்றின் அடியில் தகடு ஆழமாகத் தொடர்ந்தது. முன் இருக்கையின் முதுகும் பின் இருக்கையின் முதுகும் வண்டியின் குறுக்கே தடுப்புச் சுவர்களாக நின்றன. நடுவில் சுழல்தண்டு செல்லும் சுரங்கம் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பாயிற்று. மூடி இல்லாத காலணிப் பெட்டிக்குள் அட்டைத் தடுப்புகளை ஒட்டிப் பாருங்கள். லான்சியா செய்தது விளங்கும்.

பிறகு வந்த காலம் மூடிய மகிழுந்தின் காலம். 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் வெளியிட்ட டிராக்சியோன் அவான் போன்ற வண்டிகளில் எஃகுக் கூரையும் தூண்களும் சுமைதாங்கும் உறுப்புகளாயின. மூடிய மகிழுந்து இலேசாகவும் உறுதியாகவும் ஆக ஆக, கூரையை அறுத்தெடுத்துச் செய்யப்படும் திறந்த வண்டிக்கு நெருக்கடி கூடியது. கூரை செய்த வேலையை வேறோர் உறுப்பு செய்தாக வேண்டும்.

மூன்று விடைகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இக்கேள்விக்குப் பலர் பலவாறு விடை கண்டனர். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல். 1954இல் விற்பனைக்கு வந்த இதன் சட்டம், மெல்லிய எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. விறைப்பிற்காகக் குழாய்கள் பக்கவாட்டில் உயர்ந்து நின்றன. ஆகவே சாதாரணக் கதவு வைக்க இடமில்லாமல் போயிற்று. கடற்பறவை சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் அதனால்தான் வந்தன. அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேறு வழியின்றிப் பிறந்த அழகு. 1957இல் திறந்த வடிவம் வந்தபோது, சாதாரணக் கதவு பொருந்துமாறு பக்கக் குழாய்களைத் தாழ்த்திச் சட்டத்தையே மாற்றியமைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, பிரிட்டனின் லோட்டஸ் எலான், 1962. அதன் நிறுவனர் காலின் சாப்மன் அதற்கு முன் 1957இல் எலீட் என்னும் மூடிய மகிழுந்தைக் கண்ணாடி இழையாலேயே செய்து காட்டியிருந்தார். அதில் கூரையும் சுமை தாங்கியது. திறந்த எலானுக்கு அந்த வழி உதவவில்லை. மாறாக, எஃகுத் தகட்டை மடித்துச் செய்த மூடிய பெட்டி உத்தரம் ஒன்று வண்டியின் நடுவே முதுகெலும்பாக வைக்கப்பட்டது. இரு முனைகளிலும் அது கவட்டைபோல் பிரிந்து, முன்னே இயந்திரத்தையும் பின்னே சக்கர அமைப்பையும் பிடித்துக்கொண்டது. மூடிய பெட்டி மெலிதாயினும் முறுக்கலை எதிர்க்கும் என்பதைத்தான் நம் காலணிப் பெட்டியில் பார்த்தோமே! எலானை வடிவமைத்த ரான் ஹிக்மன், பின்னாளில் வீட்டுத் தச்சு வேலைக்கான மடக்கு மேசையாகிய ‘வொர்க்மேட்’டை உருவாக்கியவரும் ஆவார்.

மூன்றாவது, அதே 1962இல் வந்த எம்ஜிபி. இதில் தனிச் சட்டம் இல்லை. தனி முதுகெலும்பும் இல்லை. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவ உத்தரங்கள் இரண்டே கூரையின் வேலையைப் பெருமளவு ஏற்றன. பட்டறைக்காரர்கள் இதனைச் ‘சில்’ என்பர். நாம் வாசற்படி உத்தரம் என்போம். பல தகடுகளை அடுக்கிப் பற்றவைத்துச் செய்யப்பட்டது இது. 1980 வரை 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட எம்ஜிபி வண்டிகள் உருவாயின. ஆனால் தகடுகளின் இடுக்கில் நீர் தேங்கியது. துரு உள்ளிருந்தே தின்றது. வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே உத்தரம் பொடியாகிப்போன வண்டிகளில், ஜாக்கி வைத்துத் தூக்கினால் நடுவுடல் வளைந்து கதவு இறுகிக்கொள்ளும்.

1989: ஹிரோஷிமாவிலிருந்து ஒரு சிறு வண்டி

1970களில் திறந்த மகிழுந்துக்குக் கெட்ட காலம். வண்டி கவிழ்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்ற கேள்வி வலுத்தது. அமெரிக்க அரசு திறந்த வண்டிகளைத் தடுக்கும் விதி கொண்டுவரும் என்று நிறுவனங்கள் அஞ்சின. 1976இல் ஒரு காடிலாக் வண்டியை ‘அமெரிக்காவின் கடைசித் திறந்த மகிழுந்து’ என்று சொல்லியே விற்றார்கள்.

1979இல் அமெரிக்க எழுத்தாளர் பாப் ஹால், மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் பழைய பிரிட்டிஷ் பாணியில் எளிய திறந்த மகிழுந்து ஒன்று செய்யலாமே என்று கூறினார். பத்தாண்டுகள் கழித்து, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வெளிவந்தது. திட்டத் தலைவர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்னும் பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்பதே அவர்களது கொள்கை. ஜப்பானில் விற்ற முதல் வடிவத்தின் எடை 940 கிலோகிராம் மட்டுமே. 2016இல் பத்து இலட்சமாவது வண்டி உருவாயிற்று.

அவ்வளவு இலேசாக இருக்க, உடலைக் கணினிக் கணக்கீட்டின் துணையுடன் வடிவமைத்தனர். கியர் பெட்டியையும் பின் அச்சின் டிஃபரன்ஷியலையும் முக்கோண வெட்டுகள் கொண்ட அலுமினியச் சட்டம் ஒன்றால் இணைத்தனர். ஆனால் இது உடலை விறைப்பாக்கும் உறுப்பன்று. இயந்திரத்தின் இழுப்பைச் சக்கரத்திற்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்லும் உறுப்பு. பலரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

அப்படியும் முதல் வண்டிகள் மேடுபள்ளத்தில் சற்றே நடுங்கின. 1993இல் 1.8 லிட்டர் இயந்திரம் வந்தபோது, மாஸ்டாவே மூன்று இடங்களில் சட்டங்களைச் சேர்த்தது. முன்சக்கர அமைப்பின் அடியில் ஒன்று. பின்சக்கர அமைப்பின் அடியில் ஒன்று. இருக்கைகளுக்குப் பின்னால், இருக்கைவார் பொருந்தும் இரு தூண்களையும் இணைத்து ஒன்று. என் மாணவனுடையது அதற்கு முந்திய 1.6 லிட்டர் வண்டி. ஆகவே அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. செய்த நிறுவனமே பின்னர்ச் சேர்த்த ஒன்றைத்தான் அவன் தேடினான்.

கடையில் வாங்கும் சட்டங்கள்

எம்எக்ஸ்-5 உலகெங்கும் பரவியபோது அதற்கான சேர்ப்புச் சட்டங்களைச் செய்து விற்கும் சிறு நிறுவனங்களும் தோன்றின. அவற்றின் வகைகளையும் பயனையும் சுருக்கமாகக் காண்போம்.

இயந்திர அறையின் மேற்புறத்தில் இரு அதிர்வுதாங்கிகளின் தலைகளை இணைக்கும் ‘ஸ்ட்ரட் பார்’ நம் ஊர்ப் பட்டறைகளில் மிகவும் புகழ் பெற்றது. பளபளப்பானது, மூடியைத் திறந்தால் கண்ணில் படும். அதிர்வுதாங்கியே சக்கரத்தின் மேல்பிடியாகவும் இருக்கும் சாதாரண மகிழுந்துகளில், பக்கவாட்டு விசை அத்தலைகளில் வந்து சேர்வதால் இதற்கு வேலை உண்டு. எம்எக்ஸ்-5இலோ மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன; பக்கவாட்டு விசையை அவையே ஏற்கின்றன. ஆகவே இவ்வண்டியில் அதன் பயன் குறைவு.

அடித்தளத்தில் ஓடும் இரு நீண்ட தகட்டு உத்தரங்கள்மேல் தடித்த உறை பொருத்துவது இன்னொரு வகை. அவ்விரண்டையும் எக்ஸ் வடிவில் இணைப்பது அடுத்தது. அமெரிக்காவின் ஃப்ளையின் மியாட்டா நிறுவனம் வெளியிட்ட அத்தகைய சட்டத்திற்குப் ‘பட்டாம்பூச்சி’ என்றே பெயர். பாலத்தின் குறுக்குச் சட்டத்தைப் படுக்கவைத்தால் இதுதான். திறந்த வண்டிக்கு மிகவும் பொருத்தமான இடம் அடித்தளமே. போன மூடிக்கு ஈடாக மிஞ்சியிருக்கும் பெரிய தட்டு அதுதான்.

சட்டம் எதுவாயினும் மூன்று விதிகள் உண்டு. ஒன்று, அது நேராக இருக்க வேண்டும். நேரான சட்டம் இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்கும். எதையோ சுற்றிச் செல்வதற்காக வளைத்த சட்டம் விசை வந்தால் தானே மேலும் வளையும். இரண்டு, அதன் இரு முனைகளும் உறுதியான இடத்தில் பற்றியிருக்க வேண்டும். மெல்லிய தகட்டில் பொருத்தினால் தகடுதான் வளையும். மூன்று, மரையாணித் துளையில் சிறிது தளர்வும் இருத்தலாகாது. உடல் முறுங்குவது சில மில்லிமீட்டர் அளவே. தளர்வே அந்த அளவு இருந்தால் சட்டம் எதையும் உணராது.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். சாலையில் செல்லும் மகிழுந்தின் சக்கரங்கள் பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 முறை வரை துள்ளக்கூடியவை. திறந்த வண்டியின் உடல் முறுங்கி அதிரும் வேகமும் இதற்கு அருகில் இருந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் நடுக்கம் பெருகும். விறைப்பைக் கூட்டினால் உடலின் அதிர்வு வேகம் உயர்ந்து விலகிச் செல்லும். ஆனால் விறைப்பை இரு மடங்காக்கினாலும் அவ்வேகம் ஏறத்தாழ 1.4 மடங்கே உயரும். சில சட்டங்களால் திறந்த வண்டி மூடிய வண்டியாகிவிடாது.

பெற்றோர்கள் கவனிக்க ஒரு செய்தி. இச்சட்டங்கள் விபத்துப் பாதுகாப்பிற்கானவை அல்ல. வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க வேண்டியது அதற்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்ட கவிழ்தடுப்பு வளைவு. விறைப்புச் சட்டம் போட்டிருப்பதால் பாதுகாப்பு என்று பிள்ளைகள் கூறினால் நம்பாதீர்கள். வண்டியின் கட்டமைப்பில் கை வைப்பதற்குச் சாலைப் போக்குவரத்து விதிகளும் உண்டு. கேட்டறிந்தே செய்ய வேண்டும்.

பின்னர் வந்த பொறியாளர்கள் சட்டம் சேர்ப்பதற்குப் பதிலாகக் கூரையை நம்பாத உடலையே வடிவமைக்கத் தொடங்கினர். 1996இன் லோட்டஸ் எலீஸ், அலுமினிய உத்தரங்களைப் பசையால் ஒட்டிச் செய்த 68 கிலோகிராம் சட்டத்தில் நின்றது. உயர்ந்த வாசற்படியைத் தாண்டி ஏறுவதே அதற்குக் கொடுக்கும் விலை. 1999இன் ஹோண்டா எஸ்2000 அடித்தளத்திலேயே எக்ஸ் வடிவ எலும்பைக் கொண்டிருந்தது. 2012இல் மெக்லாரன் 12சி வண்டியின் கூரையை நீக்கியபோது எவ்வித விறைப்பும் சேர்க்கத் தேவைப்படவில்லை. கரியிழைத் தொட்டி ஒன்றே எல்லாவற்றையும் தாங்கியது.

துருவும் இலைச் சருகும்

இவ்வளவையும் படித்தபின் மாணவனை அழைத்தேன். “சட்டம் வாங்குமுன் ஒரே ஒரு காரியம் செய். வண்டியை ஜாக்கியில் தூக்கிக் கதவு எப்படி மூடுகிறது என்று பார்” என்றேன். எம்ஜிபி-யின் கதை என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாலையில் மறுமொழி வந்தது. வண்டியைத் தூக்கியதும் இடப்பக்கக் கதவின் இடைவெளி மேலே குறுகிவிட்டதாம். வேறொரு பட்டறையில் பின் சக்கரத்திற்கு முன்னே வாசற்படி உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். ஆணி உள்ளே போயிற்று. எம்எக்ஸ்-5இன் துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைக்குப் பின்னாலுள்ள வடிகுழாய் வழியே கீழே இறங்கி வெளியேற வேண்டும். அக்குழாய்களை இலைச் சருகு அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து உத்தரத்திற்குள் இறங்கும். நம் நாட்டு மழைக்குச் சொல்லவா வேண்டும்? நாம் கண்ட நடுக்கத்தின் காரணத்தில் பாதி, ஒரு கைப்பிடிச் சருகு.

அவன் வாங்கவிருந்த சட்டங்களுக்கான பணம் உத்தரத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்கச் சென்றது. முதலில் சட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடுக்கம் சற்றுக் குறைந்திருக்கும். அதுதான் ஆபத்து. பக்கத்திலிருந்து ஒரு வண்டி மோதினால் தாங்க வேண்டிய உத்தரம் பொடியாக இருக்க, ‘சரியாகிவிட்டது’ என்ற நிம்மதியில் அவன் ஓட்டிக்கொண்டிருப்பான்.

வேலை முடிந்தபின் அடித்தளத்தில் ஒரே ஓர் எக்ஸ் சட்டம் மட்டும் பொருத்திக்கொண்டான். வேகத்தடை மேட்டில் உள்கண்ணாடி இன்னும் இலேசாக நடுங்குகிறதாம். “பரவாயில்லை ஐயா, அது அந்த வண்டியின் சுபாவம்” என்றான்.

எனக்கு உறைத்தது

இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் எழுதும்போதே பழைய நினைவொன்று வந்து தொல்லை செய்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதே மாணவன் ஐந்தாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தபோது வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தான். நான் கூடுதல் வகுப்பு வைத்தேன். பெற்றோர் மாலையில் தனிவகுப்பிற்கு அனுப்பினர். விடுமுறையிலும் பயிற்சித்தாள் கொடுத்தேன். மதிப்பெண் சற்றே ஏறியது, நானும் மகிழ்ந்தேன். ஏறத்தாழ ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது, அவனுக்குக் கரும்பலகை எழுத்து சரியாகத் தெரியவில்லை என்பது. ஒரு மூக்குக்கண்ணாடி செய்திருக்க வேண்டிய வேலையை அந்தப் பிள்ளை கூடுதல் வகுப்புகளால் சுமந்திருக்கிறான். நான்கு சட்டங்கள் போட்டேன்; உத்தரத்தைத் தட்டிப் பார்க்கவில்லை.

கூடுதல் வகுப்பு தவறென்று நான் சொல்லவில்லை. குறுக்குச் சட்டமும் தவறன்று, மாஸ்டாவே சேர்த்ததல்லவா? ஆனால் எங்கே எது குறைகிறது என்று பார்த்தபின் சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளை தடுமாறும்போது முதலில் கண்ணையும் காதையும் உறக்கத்தையும் வீட்டுச் சூழலையும் விசாரிப்போம். பயிற்சித்தாள் அதற்கடுத்து வரட்டும்.

அறிவியல் ஆசிரியர்கள் காலணிப் பெட்டிச் சோதனையை வகுப்பில் செய்து பாருங்கள். செலவில்லை, பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் எவரேனும் ஒருவர் வீட்டுவாசலில் வந்து நின்று கேள்வி கேட்கவும் கூடும்.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.